மலையடிவாரச் சந்திப்பு

நுழையும்முன்

நாள்தோறும் நாம் கடந்து செல்லும் தொடர்வண்டி நிலையத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. கட்டடத்தின் வயதைக் கூறுவதோடு அவ்வரலாறு முடிந்துவிடுவதில்லை. அந்நிலையம் எவற்றை ஏற்றி அனுப்பியது, எவற்றை இறக்கித் தந்தது, யாரைக் காத்திருக்க வைத்தது என்பனவும் அவ்வரலாற்றின் பகுதிகளே. ஜவ்வாது மலையைச் சூழ்ந்து செல்லும் இருப்புப்பாதைகளையும், அவற்றுள் முதன்மையான ஜோலார்பேட்டைச் சந்திப்பையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

வழியும் வழித்துணையும்

பழந்தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனித்தன்மை உடையது. வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞரை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது அதன் அமைப்பாகும். ஆறு என்னும் சொல் இங்கு வழி என்னும் பொருளில் வருகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தரை நன்னன் என்னும் மன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கப்பெறும் இந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார். இதில் கூறப்படும் சேயாறே இன்றைய செய்யாறு; அது ஜவ்வாது மலையில் தோன்றுகிறது. நன்னனின் செங்கண்மா, அம்மலைக்குத் தெற்கே இன்று செங்கம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

செல்லும் திசையைச் சுட்டுவதோடு இந்நூல் நின்றுவிடவில்லை. எவ்வூரில் உணவு கிடைக்கும், யார் விருந்தோம்புவர், எவ்விடத்தில் வழுக்குநிலம் உள்ளது, எங்கே விலங்குகளுக்கு அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பனவற்றையும் எடுத்துரைக்கிறது. வழியையும், வழிச்செல்வோர்க்கு வேண்டிய உதவிகளையும் பிரிக்காமல் ஒருசேர எண்ணிய பார்வை அது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே மலையைச் சூழ்ந்து இருப்புப்பாதைகள் அமைந்தன. அப்பாதைகளில் உள்ள நிலையங்களை மதிப்பிடுவதற்கும் ஆற்றுப்படையின் பார்வை நமக்குத் துணைசெய்யும்.

மலையும் அதனைச் சூழ்ந்த நிலையங்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. பாலாற்றின் துணையாறுகளான செய்யாறும் அகரம் ஆறும் இம்மலையை ஊடறுத்துச் செல்கின்றன. மலையாளி என்னும் பெயரால் அறியப்படும் பழங்குடி மக்கள் இங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். சாமை அவர்களின் முதன்மையான பயிர்களுள் ஒன்று. தேன், புளி, கடுக்காய், பலா, சீத்தாப்பழம் ஆகியனவும் மலையிலிருந்து சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. மலைமேல் உள்ள ஊர்களுள் ஜமுனாமரத்தூர் முதன்மையானது.

மலையின்மீது எந்த இருப்புப்பாதையும் ஏறவில்லை. எனினும் அதன் அடிவாரத்தைப் பாதைகள் மூன்று புறமும் வளைத்துச் செல்கின்றன. வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய நிலையங்கள் உள்ளன. மேற்கிலும் தென்மேற்கிலும் ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சாமல்பட்டி ஆகியன அமைந்துள்ளன. கிழக்கே காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதையில் கண்ணமங்கலம், ஆரணி சாலை, போளூர், திருவண்ணாமலை ஆகிய நிலையங்கள் உள்ளன. கிழக்குப் பாதை நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்து, இந்நூற்றாண்டில்தான் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

மலையில் வாழும் ஒருவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ கோவைக்கோ தொடர்வண்டியில் செல்ல விரும்பினால், முதலில் வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் பேருந்தேறிக் கீழே வரவேண்டும். நகரவாசிக்குப் பயணம் நிலையத்தில் தொடங்குகிறது. மலைவாழ் மக்களுக்கோ, நிலையத்தை அடைவதற்குள்ளாகவே பயணத்தின் கடினமான பகுதி கடந்துவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1986ஆம் ஆண்டு அங்கு 2.3 மீட்டர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. நகரங்களின் ஒளி வானத்தை வெளுக்கச் செய்யாத தொலைவில் இருந்ததே, அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

கல் சுமந்த முதல் வண்டி

இந்தியாவில் தண்டவாளம் முதலில் மக்களுக்காக இடப்பட்டதன்று. சென்னையில் சாலை அமைப்பதற்குத் தேவையான செம்பாறைக் கற்களைக் கொண்டுவருவதற்காக, 1837ஆம் ஆண்டு செங்குன்றம் பகுதியிலிருந்து ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. மக்கள் பயணம் செய்யும் முதல் தொடர்வண்டி 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மும்பையிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அதன் தொலைவு 34 கிலோமீட்டர்.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி, 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை மெட்ராஸ் இரயில்வே நிறுவனம் அமைத்தது. அன்று எழுப்பப்பட்ட இராயபுரம் நிலையக் கட்டடம், உயர்ந்த தூண்களுடன் இன்றும் நிற்கிறது. தென்னிந்தியாவின் முதல் நிலையமாக விளங்கிய அது, இன்று புறநகர் வண்டிகள் நின்று செல்லும் நிலையமாக இருக்கிறது. நிலையங்களின் தகுதி காலத்தால் உயர்வதும் தாழ்வதும் உண்டு என்பதற்கு இராயபுரமே சான்று.

வாலாஜாவில் நின்ற பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மேற்கு நோக்கி நீட்டிக்கப்பட்டது. 1860களின் தொடக்கத்திலேயே அது திருப்பத்தூர், சேலம், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையை அடைந்தது. 1864ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குத் தனிப்பாதை பிரிந்தது. சோலையார்பேட்டை என்றும் வழங்கப்பெறும் இவ்வூர் அன்றுமுதல் சந்திப்பு ஆயிற்று.

சந்திப்பு உருவான காரணம்

பெரிய நகரமாக இல்லாத ஓர் ஊர் எவ்வாறு பெருஞ்சந்திப்பாக மாறியது? இவ்வினாவுக்கான விடை நிலத்தின் அமைப்பில் இருக்கிறது.

காட்பாடியிலிருந்து மேற்கே செல்லும் வண்டி, பாலாற்றை ஒட்டிய சமநிலத்தில் செல்கிறது. அதன் இடப்புறத்தில் ஜவ்வாது மலை நெடுந்தொலைவு உடன்வருகிறது. வாணியம்பாடியைக் கடந்ததும் ஏலகிரி மலை இடப்புறத்தில் எழுகிறது. பாதை அதன் ஓரமாகத் தென்மேற்கே திரும்பிய பின்னரே ஜோலார்பேட்டை வருகிறது. அங்கிருந்து இரு திசைகளில் செல்ல இயலும். ஒன்று, மலைகளுக்கு இடையில் உள்ள தாழ்நிலத்தின் வழியே திருப்பத்தூரையும் சேலத்தையும் நோக்கிச் செல்வது. மற்றொன்று, குப்பம் வழியாக மேட்டுநிலத்தில் ஏறிப் பெங்களூரை அடைவது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, சென்னையிலிருந்து செல்லும் வண்டிக்கு ஏற்றம் மிகுந்த பகுதி ஜோலார்பேட்டைக்குப் பின்னரே அமைகிறது.

சமநிலத்தில் எளிதாக இழுத்துச் செல்லும் சுமையை ஏற்றத்தில் இழுப்பது நீராவிப் பொறிக்குக் கடினம். ஏற்றத்தின் தொடக்கத்தில் பொறிக்கு நீர் நிரப்ப வேண்டும். எரிபொருள் ஏற்ற வேண்டும். பழுது பார்க்க வேண்டும். களைத்த ஓட்டுநரும் உதவியாளரும் இறங்கி வேறொருவர் ஏற வேண்டும். இவ்வேலைகளுக்கு ஓரிடம் தேவைப்பட்டபோது, மலைகளின் இடைவெளியில் பாதை பிரியும் இடமே பொருத்தமாக அமைந்தது. பொறிகளைப் பேணும் கொட்டகை, பணியாளர் குடியிருப்பு, சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தடங்கள் ஆகியவற்றோடு ஊரும் வளர்ந்தது. பயணியர்க்கும் அது வண்டி மாறும் இடமாயிற்று. மலையமைப்பு, பொறியின் ஆற்றல், மனிதரின் களைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இச்சந்திப்பை உருவாக்கின.

விறகாய்ச் சென்ற காடு

தொடக்கக் காலத்தில் தென்னிந்தியத் தொடர்வண்டிகளுக்கு நிலக்கரி எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே பொறிகள் விறகைக் கொண்டே இயங்கின. இருப்புப்பாதைக்கு அடியில் இடப்படும் சிலீப்பர் கட்டைகளும் மரத்தால் ஆனவை. ஒரு கிலோமீட்டர் பாதைக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட கட்டைகள் வேண்டும். வெயிலாலும் மழையாலும் கரையானாலும் அவை கெட்டுப்போக, மீண்டும் புதிய கட்டைகள் தேவைப்பட்டன. சென்னை மாகாணத்தில் பாதையை ஒட்டிய மாவட்டங்களின் காடுகள் இத்தேவைக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

வாலாஜாவுக்கு வண்டி ஓடத் தொடங்கிய 1856ஆம் ஆண்டிலேயே, ஹியூ கிளெகார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். தாவரவியல் அறிந்த அவர், காடுகள் அழிவதைத் தொடர்ந்து எழுதி எச்சரித்தவர்களுள் ஒருவர். காட்டைக் காக்கும் எண்ணமும், இருப்புப்பாதைக்கு மரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்னும் அரசின் தேவையும் ஒன்றோடொன்று பிணைந்தே வளர்ந்தன. அதன் தொடர்ச்சியாக 1882ஆம் ஆண்டு சென்னை மாகாண வனச்சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தின்கீழ் பல மலைக்காடுகள் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. முன்னோர் காலந்தொட்டு விறகும் தேனும் கிழங்கும் எடுத்துவந்த இடத்தில், மலைவாழ் மக்கள் அனுமதி பெற வேண்டியவர்கள் ஆயினர். காட்டை மிகுதியாக எரித்தது பொறி. அதற்குரிய கட்டுப்பாட்டைச் சுமந்தவர்களோ பெரும்பாலும் அப்பொறியில் ஒருமுறையும் ஏறியிராதவர்கள். பழங்குடியினருக்கும் மரபாகக் காட்டில் வாழ்வோருக்கும் உரிய உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

பஞ்சமும் பாதையும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது ஆண்டில் தொடங்கியமையால் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவில் வைத்துள்ளனர். அப்போது சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியம் தொடர்வண்டிகளில் உள்மாவட்டங்களுக்குச் சென்றது. பாதையை ஒட்டிய நிலையங்களில் மூட்டைகள் இறங்கின. ஆனால், நிலையத்திலிருந்து தொலைவில் இருந்த ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுசேர்க்க மாட்டுவண்டிகள் வேண்டும். நீரும் தீவனமும் இன்றி மாடுகளே மடிந்துகொண்டிருந்தமையால் அவ்வழியும் அடைபட்டது. தானியம் வந்துசேர்ந்த இடங்களிலும், ஏறிய விலையைக் கொடுத்து வாங்க மக்களிடம் பொருள் இல்லை.

1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையம், வருவாயை மட்டும் கருதாமல், பஞ்சக் காலத்தில் உணவு கொண்டுசெல்வதற்காகவும் பாதைகள் அமைக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அந்நோக்கில் அமைந்தவை பஞ்சக் காப்புப் பாதைகள் எனப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய பாதைகள் அமைக்கப்பட்டன. அவற்றால் போதிய வருவாய் கிடைக்கவில்லை. பின்னர் அவை மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மாவட்டத் தலைநகராக உயர்ந்த பின்னரும் கிருஷ்ணகிரி நகரம் தொடர்வண்டி இன்றியே இருந்து வருகிறது.

பஞ்சத்திற்கென அமைத்த பாதையை, பஞ்சம் இல்லாத ஆண்டுகளின் வருவாயைக் கொண்டு அளந்ததே இம்முடிவுக்குக் காரணமாயிற்று. குடையின் பயனை வெயிலும் மழையும் இல்லாத நாளில் கணக்கிடுவது போன்றது அது.

இருவகை நிலையங்கள்

நிலையத்தின் வசதிகள் என்றவுடன் நடைமேடை, குடிநீர், கழிப்பறை, மின்விளக்கு, இருக்கை, பயணச்சீட்டு வழங்குமிடம் ஆகியன நினைவுக்கு வருகின்றன. எல்லா நிலையங்களுக்கும் இவை தேவையே. எனினும், எது எவ்வளவு வேண்டும் என்பது அங்கு வருவோரின் வாழ்க்கையைப் பொறுத்தது.

இந்திய இரயில்வே தன் நிலையங்களைப் புறநகர் அல்லாதவை, புறநகர் நிலையங்கள், நிறுத்தங்கள் என மூன்று தொகுதிகளாகப் பிரித்துள்ளது. பயணியரின் எண்ணிக்கை, வருவாய் ஆகியவற்றைக் கருதி அவற்றுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவுக்கு எவ்வசதிகள் குறைந்த அளவிலேனும் இருக்க வேண்டும் என்பதற்கு நெறிமுறைகளும் வகுக்கப்பட்டுள்ளன.

சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு மின்தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. நகரின் விளிம்பில் குடியேறியோர் நாள்தோறும் வேலைக்கு வந்து திரும்ப அவை வழிசெய்தன. புறநகர் நிலையத்திற்கு வருபவர் அங்கு நெடுநேரம் தங்குவதில்லை. அடுத்த வண்டி சிறிது நேரத்தில் வந்துவிடும். அவர் கையில் பெரும்பாலும் பருவச்சீட்டு இருக்கும். விரைந்து உள்ளே வரவும் விரைந்து வெளியேறவும் வழி, நெரிசலைத் தாங்கும் நடைமேம்பாலம், பெட்டியின் தளத்திற்கு இணையான நடைமேடை ஆகியவையே அவருக்கு முதன்மையானவை. வில்லிவாக்கம் போன்ற நிலையங்களின் பயன் இவற்றால் அமைகிறது.

மலையடிவார நிலையத்தின் தேவைகள் வேறு. நெடுந்தொலைவு வண்டிகள் குறித்த சில வேளைகளில் மட்டுமே நிற்கும். அவற்றுள் சில நள்ளிரவில் வரும். மலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டால், விடியும்வரை நிலையமே தங்குமிடம். மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதியவர், கைக்குழந்தையுடன் வரும் தாய், வெளிமாநில வேலைக்கு மூட்டையுடன் புறப்படும் இளைஞர், விடுதியிலிருந்து ஊர் திரும்பும் மாணவி ஆகியோர்க்கு அங்கு வேண்டியவை பாதுகாப்பான காத்திருப்பு அறை, தூய கழிப்பறை, இரவு முழுதும் எரியும் விளக்கு, குடிநீர், சுமையுடன் ஏறத்தக்க சாய்வுப்பாதை அல்லது மின்தூக்கி ஆகியன. அவற்றோடு மலைப்பேருந்துகளின் நேர அட்டவணையும் ஒட்டப்பட்டிருக்குமாயின் அதுவும் ஒரு வசதியே. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது; அதனால் குறையும் அலைச்சல் மிகப் பெரிது.

அண்மைக் காலத்தில் இத்திசையில் சில முன்னேற்றங்கள் நிகழ்ந்துள்ளன. அம்ருத் பாரத் நிலையத் திட்டத்தின்கீழ் மேம்படுத்தப்பட்ட நிலையங்கள் 2025ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நாடெங்கும் திறந்துவைக்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை ஒன்பது. அந்த ஒன்பதில் போளூர், திருவண்ணாமலை, சாமல்பட்டி ஆகிய மூன்றும் ஜவ்வாது மலையின் சுற்றுப்புறத்தைச் சார்ந்தவை. சென்னையின் புறநகர் நிலையமாகிய பரங்கிமலையும் அதே நாளில் திறக்கப்பட்டது. ஒரே திட்டத்தில் அமைந்தாலும், பரங்கிமலையில் இறங்குபவரின் தேவையும் போளூரில் இறங்கி மலையேறுபவரின் தேவையும் ஒன்றல்ல என்பதை நாம் மறத்தல் கூடாது.

நீர் சுமந்த வண்டி

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. குடங்களுடன் மக்கள் தண்ணீர் வண்டிகளுக்காக வரிசையில் நின்றனர். 2016ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் இலாத்தூர் நகருக்கு மீரஜிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுசென்ற முன்னிகழ்வு இருந்தது. அதே வழியைத் தமிழ்நாடும் பின்பற்றியது. நீரை அனுப்புவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் ஜோலார்பேட்டை.

மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் இப்பகுதியை முன்னரே அடைந்திருந்தன. அங்கிருந்து தொடர்வண்டித் தடம்வரை புதிய குழாய் இடப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், 50 பெட்டிகளில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் நீருடன் முதல் வண்டி புறப்பட்டது. 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, அது சென்று நின்ற இடம் வில்லிவாக்கம் என்னும் புறநகர் நிலையம். அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்திற்கு நீர் சென்றது.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் எனக் கொண்டால், ஒரு வண்டி நீர் 50,000 பேருக்கு ஒரு நாள் போதுமானது. பல இலட்சம் மக்கள் வாழும் மாநகருக்கு அது சிறு பங்கே. ஆயினும், தாகத்துடன் இருந்தவர்க்கு அது பேருதவியாய் அமைந்தது. அதே வேளையில், ஜோலார்பேட்டைப் பகுதி மக்களும் கோடைதோறும் தண்ணீர்த் தட்டுப்பாட்டை அறிந்தவர்களே. தங்களுக்குரிய பங்கு குறைந்துவிடுமோ என்னும் கவலை அங்கு எழுந்தது. உள்ளூர் வழங்கல் குறையாது என அரசு விளக்கம் அளித்தது.

இந்நிகழ்வை முன்னைய வரலாற்றோடு இணைத்துக் காண்பது பயனுடையது. ஒருகாலத்தில் செங்குன்றத்திலிருந்து கல் சுமந்து வர இருப்புப்பாதை அமைத்த மாநகரம், பின்னொரு நாளில் அதே செங்குன்றத்தின் ஏரி வறண்டபோது தொலைவிலுள்ள தண்டவாளத்தை நோக்கித் தண்ணீருக்காகக் கை நீட்டியது. நீராவிப் பொறிகள் நீர் நிரப்பிக்கொண்ட சந்திப்பிலிருந்து ஒரு மாநகரம் நீர் பெற்றது. பாதைகள் என்றும் இருபுறமும் செல்லக்கூடியவை. ஆனால், அவற்றின் வழியே செல்லும் சுமை பல வேளைகளில் மலையடிவாரத்திலிருந்து நகரத்தை நோக்கியே சென்றிருக்கிறது.

நிலையத்தை அளக்கும் கோல்

கல், விறகு, தானியம், மனிதர், நீர் என ஒவ்வொரு காலத்திலும் இருப்புப்பாதை வெவ்வேறு சுமைகளை ஏற்றிச் சென்றுள்ளது. இவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு நிலையத்தின் வரலாறு என்பது கொடுக்கல் வாங்கல் கணக்காக நம்முன் விரிகிறது. அக்கணக்கில் மலையின் பக்கம் எழுதப்பட்ட வரவு குறைவு. காட்டையும் உழைப்பையும் விளைபொருளையும் தந்தவர்கள், பதிலுக்குப் பெற்றவை எவை என்று கேட்பது நியாயமே.

அவர்கள் கேட்பது மலைமேல் தண்டவாளம் அன்று. காட்டை வெட்டிப் பாதை அமைப்பது, மலைக்கும் அதில் தோன்றும் ஆறுகளுக்கும் தீங்காகும். வண்டியின் நேரத்தோடு இயைந்த பேருந்து, இரவில் அச்சமின்றித் தங்கத்தக்க அறை, விளைபொருளைக் கெடாமல் வைத்து அனுப்ப ஓரிடம், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பிறர் துணையின்றி நடைமேடையை அடையும் வழி ஆகியவை இருந்தால், மலைக்கும் நிலையத்திற்கும் இடையிலுள்ள தொலைவு பாதியாகக் குறைந்தது போலாகும்.

ஒரு நிலையத்தின் சிறப்பை, அங்கு நின்று செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். அங்கு மிக நீண்ட நேரம் காத்திருப்பவர் எத்தகைய நிலையில் காத்திருக்கிறார் என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும். கூத்தரை மலைவழியில் அனுப்பிய புலவர், வழியைச் சொன்னதோடு அமையாமல் அவர்களின் பசியையும் களைப்பையும் இரவையும் எண்ணினார். சேயாறு தோன்றும் அதே மலையின் அடிவாரத்தில் நிற்கும் நிலையங்களும் அவ்வாறே எண்ணும்போது, அவை பயணியரின் வழித்துணையாக விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் அல்லது பேருந்து நிலையம் தொடங்கப்பட்ட ஆண்டு, அங்கிருந்து முற்காலத்திலும் இக்காலத்திலும் அனுப்பப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அந்நிலையத்தில் முதியோர், குழந்தையுடன் வரும் தாய்மார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தேவையான வசதிகள் உள்ளனவா எனக் கண்டறிந்து, குறைகளைக் களைய வேண்டி நிலைய அலுவலருக்கு விண்ணப்பம் ஒன்று வரைக.

3. ‘பஞ்சக் காப்புப் பாதைகளை வருவாயைக் கொண்டு அளந்தது முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் ஊருக்கு வரும் நண்பருக்கு வழியையும், வழியில் கிடைக்கும் உதவிகளையும், எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களையும் கூறும் வகையில், ஆற்றுப்படை அமைப்பில் ஓர் உரைநடைப் பகுதி எழுதுக.